சிதம்பரத்தில் நான் சேர்த்த ஒரு வரி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எனக்கு நாற்பத்தேழு வயது. ஓய்வு பெறுகிற வயதா இது என்று கேட்டவர்களிடம், கழுத்து எலும்பு தேய்ந்திருப்பதாக டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதத்தைக் காட்டினேன். காகிதம் உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை.

கடைசி வாரத்தில், பக்கத்து மேசை ரம்யா எங்கள் பழைய புரோகிராம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மேடம், இதுல பக்கத்துக்குப் பக்கம் மாலக், ஃப்ரீன்னு எழுதியிருக்கே. மெமரிய நீங்களே கையால வாங்கி நீங்களே கையால விட்டீங்களா?”

“ஆமாம்மா.”

“விட மறந்துட்டா?”

“போகப் போக மெஷின் மூச்சு முட்டி நின்னுடும்.”

“மறக்காம, அவசரப்பட்டு முன்னாடியே விட்டுட்டா?”

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் கேள்வியை மறந்துவிட்டு வேறு வேலையில் இருந்தாள். அவளுக்கு அது வெறும் கேள்வி. ரம்யாவும் மற்றவர்களும் எல்லாப் புரோகிராம்களையும் புதிய மொழி ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மொழி நினைவகத்தைத் தானே துப்புரவு செய்துகொள்ளும். யாரும் எதையும் திருப்பித்தர வேண்டியதில்லை. “உங்க காலத்துக் கதைய எழுதிக் குடுங்க மேடம், படிக்கிறோம்” என்று விடைகொடுத்த நாளில் எல்லாரும் கேட்டார்கள். நல்ல கதைகள் பல இருந்தும் இதை எழுதுகிறேன். மற்றவற்றை எழுத உட்கார்ந்தால் இது வந்து குறுக்கே நிற்கிறது.

கணிதத்தில் பட்டம், அதன்பின் ஒரு வருடக் கம்ப்யூட்டர் படிப்பு, கல்யாணம், குழந்தை, சிதம்பரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சி மொழி சொல்லிக்கொடுத்த சில வருடங்கள். இவ்வளவுதான் முன்கதை. 2004-ல் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். மாடியில் இரண்டு அறை, ஆறு பேர். இயந்திரங்களோடு கம்ப்யூட்டரை இணைக்கும் புரோகிராம்கள் எழுதுவோம். வீடு சிதம்பரத்தில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். புதுச்சத்திரம் தாண்டும்போது தூங்கி, முட்லூரில் விழித்துக்கொள்கிற வாழ்க்கை.

நிறுவனத்தை நடத்தியவர் ஸ்டெல்லா மேடம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எங்கள் எல்லாரையும் ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவார். யாரையாவது ‘நீங்க’ என்று அழைத்தால் அன்றைக்கு அவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். மற்றவர்கள் உடனே குனிந்து கீபோர்டைத் தட்ட ஆரம்பித்துவிடுவோம்.

நினைவகம் என்பதைத் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி சொல்லிவிடுகிறேன். சி மொழியில் புரோகிராம் எழுதும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கூடுதல் இடம் தேவைப்பட்டால் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்பது மாலக். அது இடத்தின் முகவரியைத் தரும். வேலை முடிந்ததும் ஃப்ரீ என்று சொல்லி இடத்தைத் திருப்பித்தர வேண்டும். திருப்பித்தந்தாலும் அந்த முகவரி நம்மிடம் அப்படியே இருக்கும், யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். அந்த முகவரியில் போய்ப் பார்த்தால் நாம் வைத்தது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அடுத்து யாராவது இடம் கேட்கும்வரை. கேட்டால், அநேகமாக அதே இடத்தைத்தான் அவருக்குக் கொடுக்கும்.

இந்த ஒரு விஷயத்துக்காக ஸ்டெல்லா மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சுவரில் பெரிய தெர்மாக்கோல் அட்டை. புரோகிராமில் ஒரு மாலக் எழுதினால், எழுதியவர் ஒரு சீட்டில் மூன்று பதில் எழுதி அங்கே குண்டூசியால் குத்த வேண்டும். எவ்வளவு இடம்? யார் திருப்பித்தருவது? கடைசியாக அதைப் பார்க்கப்போவது யார்? திருப்பித்தரும் வரியை எழுதிச் சோதித்து அவரிடம் காட்டிய பிறகுதான் சீட்டைப் பிடுங்கலாம். இன்னொரு விதியும் உண்டு. மாலக் எழுதிய கைதான் ஃப்ரீ எழுத வேண்டும். அடுத்தவர் வாங்கிய இடத்தை நாம் விடக் கூடாது.

என் முதல் சீட்டை மூன்று முறை திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் கேள்விக்கு ‘புரோகிராம்’ என்று எழுதியிருந்தேன்.

“புரோகிராமுக்குக் கண்ணு இருக்கா?” என்றார்.

“இல்ல மேடம்.”

“அப்ப எப்படிப் பாக்கும்? எந்தப் பகுதி, எந்த வரி, எதுக்காகப் பாக்குது? அத எழுது.”

முருகவேல் எனக்கு முன்பே அங்கே சேர்ந்தவன், வயதில் என்னைவிட இளையவன், பெண்ணாடத்துக்காரன். அவன் சொன்னான்: “அக்கா, போன வாரம் டீக்கடையில டம்ளர் வாங்கும்போதே ‘கடைசியா யாரு பாப்பாங்க’ன்னு எனக்குள்ள ஓடுது. இந்த அம்மா நம்ம மண்டையிலயும் குண்டூசி குத்திட்டாங்க.” எல்லாரும் சிரித்தோம். உள்ளறையிலிருந்து, “முருகவேல், நீங்க கொஞ்சம் வர்றீங்களா?” என்று குரல் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

2007-ல் சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலை செய்தோம். பெயர் வேண்டாம். அங்கே ஆய்வுக்கூடத்தில் ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் இருந்தது. செல் கவுண்டர் என்பார்கள். ரத்தக் குழாயை வைத்தால் ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாவற்றையும் எண்ணித் தன்னுடைய சின்னத் திரையில் காட்டும். அதைப் பார்த்து லேப் டெக்னீஷியன் கையால் எழுதி ரிப்போர்ட் தருவது வழக்கம். எங்கள் புரோகிராம் வந்தபிறகு எண்கள் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும், நோயாளியின் பெயரோடு சேர்ந்து அச்சாகும். கையெழுத்துப் பிழைக்கு இடமில்லை என்று நாங்களே சொல்லி விற்றோம்.

இயந்திரத்திலிருந்து முடிவுகளை வாங்கும் பகுதியை முருகவேல் எழுதினான். ஒவ்வொரு முடிவோடும் வரைபடங்களும் வரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பெரிய இடமாக மாலக் செய்வான். அதைத் திருப்பித்தரும் வரியை அவன் இன்னும் எழுதவில்லை. அதற்குள் மருத்துவமனையிலிருந்து அவசரப்படுத்தினார்கள். காய்ச்சல் காலம், கூட்டம். தினமும் காலையில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் போதும், சமாளிக்கலாம் என்று பேசி அப்படியே நிறுவிவிட்டு, அவன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனான். அவன் சீட்டு அட்டையில் குத்தியபடி இருந்தது.

கூட்டம் கூடவும் நாள் முழுக்கக்கூடத் தாங்கவில்லை. திங்கட்கிழமை மதியம் அங்கிருந்து போன் வந்தது. நான்தான் உள்ளூர்க்காரி என்று என்னை அனுப்பினார் ஸ்டெல்லா மேடம். “என்னன்னு பாத்துட்டுப் போன் பண்ணு” என்றார்.

டெக்னீஷியன் அன்பு வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “மேடம், இது ஒங்க கம்ப்யூட்டரா, எங்க மாமனாரா? மத்தியானம் ஆனா தூங்கிடுது. வெளிய பாருங்க, எத்தன பேரு ஒக்காந்திருக்காங்க. கையில எழுதுனப்பவே நிம்மதியா இருந்தேன்.”

திறந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. வாங்கிய இடம் எதுவும் திரும்பவில்லை. முருகவேலுக்குப் போன் செய்தேன். எடுத்தான். மேளச் சத்தம்.

“முருகவேலு, ரிசல்ட்டோட ஃப்ரீ எங்க போடணும்?”

“அக்கா, ஒண்ணும் கேக்கல! பந்தியில நிக்கிறேன்! இன்னா?”

“ஃப்ரீ! ஃப்ரீ!”

“நான் இன்னிக்கு ஃப்ரீ இல்லக்கா! புதன்கெழம வர்றேன்!”

சிரித்துவிட்டு வைத்தேன். அடுத்து ஸ்டெல்லா மேடத்தைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். சீட்டைப் பார்க்காமல் தொடாதே, கடலூருக்கு வா, பார்த்துவிட்டு நாளைக்குப் போய் எழுது. வெளியே காய்ச்சலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தேன். அன்பு என் முதுகுக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு திரையில் தெரிந்தபிறகு அந்த இடம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. திரையில் காட்டும் வரிக்கு அடுத்த வரியில் ஃப்ரீ என்று ஒன்று சேர்த்தேன். ஒரு ரத்தக் குழாயை வைத்து ஓட்டச் சொன்னேன். திரையில் வந்தது. அச்சடிக்கச் சொன்னேன். எண்கள் சரியாக இருந்தன. இன்னொன்று ஓட்டி, அச்சடித்துப் பார்த்தோம். அதுவும் சரி.

“அவ்ளோதானா மேடம்? ஒரே வரியா?” என்றார் அன்பு.

“ஒரே வரிதான்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மேடத்துக்குப் போன் செய்து “சரி பண்ணிட்டேன்” என்றேன். எப்படி என்று அவர் கேட்குமுன், பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். என் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். எந்தப் பஸ்ஸும் வரவில்லை.

புதன்கிழமை என் மகள் யாழினிக்குக் காய்ச்சல். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. முருகவேலும் கல்யாண அலைச்சலில் ஒருநாள் தாமதமாகத்தான் வேலைக்குத் திரும்பினான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அதற்குள் லீவு போட்டுவிட்டதால் அவனிடம் பேசவில்லை. வியாழக்கிழமை அவளை அதே மருத்துவமனையில் சேர்த்தோம். சேர்க்கும்போது, நம்ம புரோகிராம் ஓடுகிற இடம் என்று ஒரு தைரியம்கூட இருந்தது எனக்கு.

பக்கத்துக் கட்டிலில் பவித்ரா என்று ஒரு பெண், பதினாலு வயது. அவள் அம்மா வசந்தா சேத்தியாத்தோப்பில் தையல் வேலை பார்ப்பவர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். ஒரு நாளிலேயே பழகிவிட்டோம். என் மகளின் பாவாடைத் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்து, பையிலிருந்து ஊசி நூல் எடுத்துத் தைத்துக்கொடுத்தார். “யாரு தச்சது இத? நூலக் கொஞ்சமா போட்டுட்டு ஏமாத்தியிருக்கான்” என்று தையல்காரனைத் திட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பெண்களுக்கும் ரத்தம் எடுத்தார்கள். பதினோரு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. யாழினிக்குப் பிளேட்லெட் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். என் கணவர் ரவி வராந்தாவுக்கு ஓடிப்போய் எல்லாருக்கும் போன் செய்ய ஆரம்பித்தார். டாக்டர் வந்து இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்தார். யாழினி இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், பவித்ரா மதியம் வீட்டுக்குப் போகலாம், சோர்வு இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

வசந்தா அக்கா தாளை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேசைமேல் இருந்த சாமி படத்தின் முன்னால் வைத்தார். கும்பிட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். “நீ படிச்சவ. எவ்ளோ இருக்குன்னு பாத்துச் சொல்லு.”

வாங்கிப் பார்த்தேன். பிளேட்லெட் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. “ஒரே மாதிரி இருக்கு, ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி போல” என்றுகூடச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கண் மேலே போனது. ஹீமோகுளோபின் 11.4. யாழினிக்கும் 11.4. வெள்ளையணு 6,300. யாழினிக்கும் 6,300. கீழே வரைக்கும் ஒரு புள்ளி மாறவில்லை. பெயர் மட்டும் வேறு.

இரண்டு உடம்பில் ஒன்று பொருந்தலாம், இரண்டு பொருந்தலாம். பதினெட்டு எண் பொருந்தாது.

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு முழுவதும் தெரிந்துவிட்டது. ரிப்போர்ட் அச்சடிக்கும் பகுதி முடிவை நகல் எடுத்து வைப்பதில்லை. அது இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் வைத்துக்கொள்கிறது. நான் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உடனே அச்சடித்தால் பழைய எண்கள் கலையாமல் கிடக்கும், சரியாகவே வரும். திங்கட்கிழமை நான் ஒவ்வொன்றாக ஓட்டி ஒவ்வொன்றாக அச்சடித்தேன். ஆனால் அன்பு ஒரு குழாயை ஓட்டிவிட்டு, யாராவது கூப்பிட்டால் மாடிக்குப் போய் ரத்தம் எடுத்து வந்து, அடுத்த குழாயையும் ஓட்டிவிட்டு, இரண்டையும் சேர்த்து அச்சடிப்பார். இரண்டாவது முடிவு அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு பெயருக்கும் இரண்டாவது ஆளின் எண்கள்தான் அச்சாகும்.

ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். அன்புவின் பதிவேட்டை இழுத்துப் பார்த்தேன். பதினான்காவது பவித்ரா. பதினைந்தாவது யாழினி.

இரண்டாவது என் மகள். அந்த எண்கள் என் மகளுடையவை. அவளுக்கு ஒன்றும் இல்லை.

இதைத்தான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அங்கே பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு, “அப்பாடா” என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். அந்த மூச்சு முடியும்வரை பவித்ரா என்று ஒரு பெண் என் நினைப்பிலேயே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பத்து விநாடியாக இருக்கலாம். என்ன மேடம் என்று அன்பு இரண்டாம் முறை கேட்டபோதுதான் அவளுடைய உண்மையான எண் என்ன என்ற கேள்வி வந்தது.

“மெஷின் பழசெல்லாம் ஞாபகம் வச்சிருக்குமா?”

“ஐநூறு சாம்பிள் வரைக்கும் இருக்கும். ஏன்?”

“பதினாலக் கொண்டாங்க.”

பட்டனை அழுத்தி அழுத்திப் பின்னால் போனார். இயந்திரத்தின் சின்னத் திரையில் பதினான்கு வந்தது. பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம். லட்சத்துக்குக் கீழே போனாலே பயப்பட வேண்டிய எண் அது.

அன்பு என் கையில் இருந்த தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “மேடம், நான் ஒண்ணும் பண்ணல. என் மேல வந்துடும் மேடம். கம்ப்யூட்டர் குடுத்தத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“ஒங்க மேல வராது. நான்தான்னு நானே சொல்றேன்.”

டாக்டரை அடுத்த வார்டில் பிடித்தேன். சொல்ல ஆரம்பித்தால் மாலக், முகவரி என்று எங்கேயோ போனது வாய். அவர் நிறுத்தினார். “எனக்குக் கம்ப்யூட்டர் வேணாம்மா. அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ?”

“முப்பத்தெட்டு.”

மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் நடந்தார். நானும், லேபிலிருந்து கூட வந்த அன்புவும் பின்னால் ஓடினோம். வார்டில் வசந்தா அக்கா போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பவித்ரா செருப்பு மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். “படும்மா” என்றார். “அன்பு, திரும்ப ரத்தம் எடு. இப்பவே.”

அரை மணி நேரத்தில் இரண்டாவது சோதனை வந்தது. முப்பத்துமூன்றாயிரம். இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

வசந்தா அக்காவிடம் நானே சொன்னேன். வராந்தாவில் வைத்துச் சொன்னேன். புரோகிராம் என் அலுவலகத்துடையது, அதில் ஒரு வரியை நான் தப்பாகச் சேர்த்தேன், அதனால் யாழினியின் முடிவு பவித்ராவின் பெயரில் வந்துவிட்டது என்று சொன்னேன். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டார்.

“அப்ப ஒம் பொண்ணோட நம்பர வச்சுக்கிட்டா நான் சாமி கும்புட்டேன்?”

என் கையில் இருந்த அந்தத் தாளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“சீக்கிரம் வூட்டுக்குப் போயிடலாம்னு அவகிட்ட செருப்ப மாட்டச் சொன்னேன்” என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஸ்டெல்லா மேடத்துக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டார். பஸ் வந்ததாகச் சொன்ன பொய்யையும் சொன்னேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து அட்டைப் பக்கம் போயிருக்கிறார்.

“முருகவேல் சீட்டு இங்க இருக்கு. படிக்கிறேன், கேளுங்க” என்றார். “கடைசியாகப் பார்ப்பது: அச்சடிக்கும் பகுதி. எல்லாப் பிரிண்ட்டும் முடிந்தபிறகு மட்டும் விட வேண்டும்.”

நீங்க என்றுதான் சொன்னார்.

“நான் வேலைய விட்டுடுறேன் மேடம்.”

“விடுங்க. திங்கக்கெழமலேருந்து இன்னிக்கு வரைக்கும் எத்தன பேரு ரிப்போர்ட் தப்பாப் போயிருக்குன்னு பாத்துட்டு, அவுங்க எல்லார் கையிலயும் சரியான தாளக் குடுத்துட்டு விடுங்க. நான் கெளம்பி வர்றேன்.”

மூன்று மணிக்கு வந்தார், முருகவேலுடன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். அன்பு ஒவ்வொரு சாம்பிளாகத் திரைக்குக் கொண்டுவர வேண்டும், முருகவேல் எண்களை வாசிக்க வேண்டும், நான் ரிப்போர்ட் நகலில் ஒப்பிட வேண்டும், மேடம் டிக் போட வேண்டும். ஒருவர் வாசித்ததை இன்னொருவர் திரும்பச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக விடவில்லை. முருகவேல் ஒரு முறைகூடக் கேலி பேசவில்லை. முடிவில், தப்பான ரிப்போர்ட் ஒன்பது. அதில் ஏழு பேருக்கு எண் மாறியும் பெரிய வித்தியாசம் இல்லை. பவித்ரா எட்டாவது.

ஒன்பதாவது, கேசவன் என்பவர். ஐம்பத்திரண்டு வயது, ஊர் மேல்பட்டாம்பாக்கம். செவ்வாய்க்கிழமை சோர்வு என்று வந்து சோதித்துக்கொண்டு போனவர். இயந்திரத்தில் அவருடைய ஹீமோகுளோபின் 6.1. தாளில் 13.2. மற்ற ஏழு பேர் வீட்டுக்கும் போய்ச் சரியான ரிப்போர்ட் கொடுத்தோம். இவருக்கு முகவரி இல்லை. கொடுத்திருந்த போன் எண் வேறு யாருக்கோ போனது. மேல்பட்டாம்பாக்கத்துக்கு மூன்று முறை போனேன். ஒருமுறை மேடமும் வந்தார். கேசவன் என்று நான்கு பேரைக் காட்டினார்கள், யாரும் அவர் இல்லை. விருந்துக்கு வந்தவராக இருக்கலாம், வேலைக்கு வந்தவராக இருக்கலாம். வேறெங்காவது டாக்டரிடம் காட்டியிருப்பார் என்று ரவி சொல்வார். இருக்கலாம். நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் பக்கம் பஸ்ஸில் போனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, முகம் வெளிறிய ஆண்களை இன்னமும் உற்றுப் பார்க்கிறேன். இப்போது அவருக்கு ஐம்பத்தேழு இருக்க வேண்டும்.

வேலையை அப்போது விடவில்லை. மேடமும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. மூன்று மாதம் என்னை ‘நீங்க’ என்றே அழைத்தார். ஒருநாள், “இந்தா, டீ ஆறுது பாரு” என்றார். குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து அந்த டீயைக் குடித்தேன். அதன்பிறகு ஐந்து வருடம் வேலை செய்தேன். தப்பு எதுவும் செய்யவில்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எழுதியதை அனுப்பிவிட்டுத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். பாதி வழியில் முட்லூரில் இறங்கி அலுவலகத்துக்குத் திரும்பிப் போன நாட்கள் உண்டு. யாழினிக்குப் பதினாலு வயது ஆகிவிட்டது. ஒரு தும்மல் போட்டால் நான் எழுந்து நிற்கிறேன். “அம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல, ஒக்காரு” என்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று அவள் சொல்லும்போதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. கேசவன் வீட்டிலும் அதே வார்த்தையை நம்பியிருப்பார்கள் அல்லவா?

பவித்ரா வீட்டுக்குப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

அவளை இன்னும் ஆறு நாள் வைத்திருந்தார்கள். நடுவில் ஒருநாள் பதினெட்டாயிரம் வரை இறங்கி, எல்லாரையும் கலங்கடித்துவிட்டுப் பிறகு ஏற ஆரம்பித்தது. யாழினியைச் சனிக்கிழமையே கூட்டிக்கொண்டு போய்விட்டோம். ஆனாலும் நான் தினமும் போனேன். புரோகிராமைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போவேன். நான் சேர்த்த வரியை எடுத்துவிட்டு, முருகவேல் சரியான இடத்தில் எழுதி, குழாய்களைச் சேர்த்துச் சேர்த்து ஓட்டிச் சோதித்து முடித்தாயிற்று. அங்கே எனக்கு வேலையே இல்லை. வசந்தா அக்கா என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்.

ஆறாம் நாள் காலை ரிப்போர்ட் வந்தது. டாக்டர், “போகலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். பவித்ரா தலை சீவி உட்கார்ந்திருந்தாள். பை கட்டியாகிவிட்டது. ஆனால் அக்கா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும், “இங்க வா” என்றார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை.

தாளை நீட்டினார். “இது எம் பொண்ணுதுதானா? நீ சொன்னாத்தான் கெளம்புவேன்.”

வாங்கினேன். பிளேட்லெட் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம். மேலே பவித்ரா என்று பெயர். தாளைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முந்தைய தாளும் அப்படித்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

“வாங்கக்கா” என்று அவரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்பு அன்றைய சாம்பிளை இயந்திரத்தின் திரைக்குக் கொண்டுவந்தார். எங்கள் கம்ப்யூட்டருக்கு வராத, கேபிளைத் தொடாத எண்கள். நான் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்து விலகி நின்றேன்.

அக்கா எட்டாவது வரை படித்தவர். ஒரு விரலைத் திரையிலும் இன்னொரு விரலைத் தாளிலும் வைத்துக்கொண்டு, துணி அளக்கிற மாதிரி நிதானமாக, ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தார். ஹீமோகுளோபினிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றையும் விடவில்லை. பிளேட்லெட் வந்ததும் இன்னும் நிதானமானார். “ஒண்ணு… நாலு… ஆறு…”

வாசலிலிருந்து பவித்ரா, “யம்மா, பஸ்ஸு போயிடும்” என்றாள்.

அக்கா தாளை மடித்தார். “சரியாத்தான் இருக்கு” என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

“அக்கா” என்றேன். “இன்னொரு தரம் படிச்சிடுங்களேன்.”

என்னைப் பார்த்தார். பையை இறக்கி வைத்துவிட்டு, தாளைப் பிரித்து, முதல் எண்ணிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தார்.